தவமணியின் தூண்டில்

கூடத்தில் குணசீலன் புது சம்பந்தியிடம் தன் முதல் தூண்டிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அடுக்களையில் அவனுடைய அக்கா தவமணி, அவன் தட்டிலிருந்த கெண்டை மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் தொண்டையில் முள் சிக்கி அலறியவன், ஐம்பது தாண்டியும் அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மீன் தின்பான். வெளியாட்களுக்கு அது தெரியாது.

“மூங்கில் நானே வெட்டுனது சம்பந்தி. மயிலிறகுத் தண்டுதான் தக்கை. அது முங்குனதும் சுண்டி இழுக்கணும். அந்தச் சொகமே தனி.”

தவமணியின் விரல்கள் நின்றன. மூங்கிலை வெட்டியவள் அவள். குட்டி போடும் என்று புத்தகத்துக்குள் பொத்தி வைத்திருந்த மயிலிறகை அறுத்தவளும் அவள்தான். இவன் புழுவைத் தொடக்கூட அருவருத்துக் கரையில் நின்றவன். அவள் பெரியவளானதும், “இனி ஏரிப்பக்கம் போகாதே” என்று அம்மா தூண்டிலைப் பிடுங்கி இவனிடம் கொடுத்தாள். அதை வைத்து நாய் விரட்டி, ஒரே வாரத்தில் ஒடித்துப் போட்டான். அதையும் பொறுத்துக்கொண்டாள். தக்கை முங்கும்போது அவள் வயிற்றுக்குள் குபீரென்றதே, அதையுமா எடுத்துக்கொள்வான்?

ஒதுக்கியிருந்த முட்களை அள்ளி மீனோடு பிசைந்தாள். தட்டைக் கொண்டுபோய் அவன் முன் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

முதல் வாயிலேயே அவன் முகம் மாறியது. “அக்கா, முள்ளு...” என்றான் தணிந்த குரலில்.

“புடிச்ச கைக்கு எடுக்கத் தெரியாதா தம்பி?” என்றாள் தவமணி, சம்பந்திக்குக் கேட்கும்படி. “சாப்பிடு. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்.”