நிறம் ஏறாத தண்ணீர்

மிஷினை ஓடவிட்டு முப்பத்தெட்டு மணி நேரம் ஆகிவிட்டது. தண்ணீரில் இன்னும் நிறம் ஏறவில்லை.

மருமகள் சோதனைக் குப்பியில் குளத்துத் தண்ணீரை மொண்டு, மருந்தைச் சொட்டினாள். மூடியைத் திருகிக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்தாள். குளோரின் இருந்தால் ரோஜா நிறம் காட்ட வேண்டும். பளிங்கு மாதிரி நின்றது தண்ணீர்.

“என்னம்மா, வந்துச்சா?” படிக்கட்டில் நின்றபடியே கேட்டார் மாமனார். அந்த நீச்சல் பள்ளி அவருடையது. இருபது வருஷமாகக் கேன் கேனாகக் குளோரின் ஊற்றியே குளத்தைக் காத்தவர்.

“இன்னும் இல்ல மாமா.”

“ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நீ குளத்துல பன்னெண்டு மூட்டை உப்பக் கொட்டியிருக்கே. பத்து மணிக்குப் பிள்ளைங்க வந்துடும். அதுக்குள்ள நிறம் வரலைன்னா மிஷினக் கழட்டிட்டு என் கேனுக்கே போயிடுவேன். சொல்லிட்டேன்.”

உப்புத் தண்ணீரிலிருந்து குளோரின் எடுக்கும் அந்த மிஷினை வாங்கச் சொன்னவள் அவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் அது. இது தோற்றால் இனி அவள் பேச்சு அங்கே எடுபடாது.

நீச்சல் சொல்லித் தரும் கொழுந்தன் விசிலைச் சுழற்றிக்கொண்டு வந்தான். “அண்ணி, உப்பு போட்டா கருவாடு வரும். குளோரின் எப்படி வரும்?”

அவன் போட்டிருந்த புது நீலச் சட்டையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள்.

“சட்டைக்கு என்ன ஆச்சு தம்பி?”

“டிசைன் அண்ணி. உங்களுக்கெல்லாம் புரியாது.”

அவள் பம்ப் ரூமுக்கு ஓடினாள். காலையிலிருந்து ஐந்தாவது முறை. மிஷினுக்குள் இருந்த தகடுகளில் சுண்ணாம்பு படியவில்லை. தண்ணீர் ஓட்டம் சரி, உப்பின் அளவு சரி. கண்ணாடி மூடிக்குள்ளே தகடுகள் நுரை நுரையாய்ப் பொங்கிக்கொண்டிருந்தன. வேலை செய்கிற மிஷின்தான். அப்படியானால் வந்த குளோரின் எங்கே போகிறது?

வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். முந்தாநாள் ராத்திரி கொழுந்தன் இந்தப் பக்கம் பதுங்கி வந்ததை ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள். அப்பாவுக்காக எதையாவது பிடுங்கி வைத்துவிட்டானா? எதுவும் பிடுங்கப்படவில்லை.

மணி ஒன்பதரை. ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. திரும்பக் குளத்தங்கரைக்கு வந்து குப்பியை நிரப்பினாள். அவசர அவசரமாக மருந்தைச் சொட்டினாள். மூடி நழுவி உருண்டு ஓடியது. அதனால் இந்த முறை குலுக்கவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொட்டு விழுந்த இடத்தில் ரோஜா நிறம் பளிச்சென்று பூத்தது. கண் இமைப்பதற்குள் வெளுத்துப் போனது.

குடிக்க வைத்திருந்த பாட்டிலை எடுத்தாள். குளத்துத் தண்ணீர் ஒரு பங்கு, குடிதண்ணீர் ஒன்பது பங்கு. கலந்து சொட்டினாள். குப்பி முழுக்கச் சிவந்தது. சிவந்தபடியே நின்றது.

வெளியே முதல் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

“தம்பி, கேட்டைப் பூட்டுங்க! ஒரு பிள்ளையும் தண்ணியில கால் வைக்கக் கூடாது!”

கொழுந்தன் ஓடிப்போய்ச் சங்கிலியை மாட்டினான். அவள் மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள். மாமனார் படியிறங்கி வந்திருந்தார்.

“குளோரின் இல்லாம இல்ல மாமா. ரொம்ப இருக்கு. மருந்தோட நிறத்தையே வெளுக்கிற அளவுக்கு இருக்கு. அதான் ஒண்ணுமே இல்லாத மாதிரி காட்டியிருக்கு.”

“வெளுக்குமா?”

“தம்பி சட்டை மாதிரி.”

கொழுந்தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். விசிலை வாயில் வைத்தான், எடுத்தான்.

“ஒரு கேன்தான் அண்ணி ஊத்தினேன். முந்தாநாள் சாயங்காலம் நிறம் வரலைன்னு நீங்க சாப்பிடக்கூட வரல. கருவாடுன்னு கிண்டல் பண்ணினேனே ஒழிய, நீங்க தோத்துடக் கூடாதேன்னு...”

“டேய், ஏது கேன்? ஸ்டோர் சாவி என் இடுப்புலல்ல இருக்கு?” என்றார் மாமனார்.

“கடையில வாங்கினேன்பா. அஞ்சு லிட்டர்.”

சிரிப்பதா திட்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தாநாள் சாயங்காலம் மிஷின் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் நிறம் தானாக வந்திருக்கும்.

அவள் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. குப்பியை அளவு காட்டும் அட்டையிலிருந்த நிறங்களோடு ஒட்டிப் பிடித்தாள்.

“கலந்த தண்ணியில மூணு காட்டுது. அப்படின்னா குளத்துல முப்பது. மிஷின் இவ்வளவு நேரத்துல பத்து சேர்த்திருக்கும். தம்பி ஊத்தினது ஒரு அஞ்சு. கூட்டினா பதினஞ்சுதான் வருது.” நெற்றியைச் சுருக்கினாள். “மீதி பதினஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு?”

கேட்டுக்கு வெளியே இரண்டாவது கார் ஹாரன் அடித்தது.

மாமனார் இடுப்புச் சாவியைத் துண்டுக்குள் மறைத்தார். துண்டின் பச்சைக் கரை பாதிக்கு மேல் வெளுத்திருந்தது.

“அளக்காம ஊத்தினது நான்தாம்மா.”