இரண்டாவது பொட்டலம்

பூக்கட்டிப் பார்க்காமல் இதய ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சீத்தாராமன் ஒரே பிடியாக நின்றார். இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. எடுப்பது வெள்ளை என்றால் சாமி சம்மதம், சிவப்பு என்றால் ஆபரேஷன் கிடையாது. அவர் மனைவி பிரவீணாவுக்குப் பாரிஸில் புள்ளியியல் ஆராய்ச்சி வேலை. பாதிக்குப் பாதி என்ற கணக்கில் புருஷனை விட அவளுக்கு மனம் வரவில்லை.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியில் பூக்கடைக்காரர், "சிவப்பும் தரட்டோ, தங்கச்சி?" என்று கேட்டார்.

"வேண்டாங்க."

ஒரே ஒரு வெள்ளைச் சாமந்தி வாங்கினாள். அதையே பிய்த்து இரண்டு பொட்டலமாக மடித்து, கோயிலில் பிள்ளையார் முன்னால் தன் கையாலேயே வைத்தாள்.

சீத்தாராமனின் கை முதலில் இடப்பக்கப் பொட்டலத்துக்குப் போனது. தொட்ட பிறகு ஏனோ தயங்கி, வலப்பக்கத்தை எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

"நானாத்தான் எடுத்தேன், பாத்தியா?" ஆறு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார்.

"ஆமாங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

மெட்ரோ வாசலில் அவர் படிவத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மற்றப் பொட்டலத்தைக் குப்பையில் போடப் போனவள், சும்மா ஒருமுறை பிரித்தாள்.

உள்ளே சிவப்பு இதழ்கள், ஈரம்கூடக் காயாமல்.

"என்னத்தப் பாக்கற?" என்றார் அவர்.

பொட்டலத்தைப் பழையபடி மடித்தாள். இந்த முறை அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைங்க. நீங்களாத்தான் எடுத்தீங்க."