அக்காவின் நடை

"பன்னிரண்டு, பதிமூணு, பதினாலு."

பதினாலில் மனைவி நின்றாள். கண்கள் இரண்டும் மூடியிருந்தன. இடது கை சுவரைத் தடவிக்கொண்டிருந்தது.

அளவு நாடாவை மறந்துவிட்டு நடுப்பகலில் வீடு திரும்பிய தையல்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த நடை அவருக்குத் தெரிந்த நடை. கடைசி ஆறு வருஷம் பார்வையில்லாமல் இருந்து, போன வருஷம் இறந்துபோன அவளுடைய அக்காவின் நடை. மோதிர விரலால் சுவரைத் தட்டித் தட்டிப் போவதுகூட அப்படியே. அக்காவும் தங்கையும் ஒரே அச்சு. இருவருக்கும் அவர் ஒரே அளவில்தான் துணி வெட்டுவார்.

"என்ன பண்றே?"

அவள் கண்ணைத் திறந்தாள். "சும்மாதாங்க. கால் மரத்துப்போச்சு, நடந்து பார்த்தேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"வெங்காயம் நறுக்கினேன், எரியுது."

வீட்டில் அன்று வெங்காயமே இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். வாங்கிவர மறந்து காலையில் திட்டு வாங்கியவரே அவர்தான்.

அதற்குப் பிறகு வீடே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இல்லாத இடத்தில் முக்காலி முளைத்து அவர் முழங்காலைப் பதம் பார்த்தது. கதவு வந்து தோளில் இடித்தது. அறையில் தான் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். பார்த்தால் அவள் முழங்கையோரம் நிற்பாள். எப்போது வந்தாள் என்றே தெரியாது.

"முக்காலியை ஏன் நகர்த்தி நகர்த்தி வைக்கிறே?"

"அது இருந்த இடத்திலதாங்க இருக்கு."

சொல்லிவிட்டு அவரையே பார்ப்பாள். அந்தப் பார்வையில் இரக்கம் மாதிரி ஏதோ இருந்தது. முக்காலியைவிட அதற்குத்தான் அவர் பயந்தார்.

ஒன்றில் மட்டும் அவள் பழைய ஆளாகவே இருந்தாள். இருவருமாகக் கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி மாற்றி வந்த நாளிலிருந்து, காலையும் மாலையும் அவர் கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்கு அவள் தவறியதில்லை. "பஞ்சுத் தூசி படற கண்ணு, காட்டுங்க" என்பாள். தூசியாவது ஒன்றாவது. இந்த வயதிலும் ஒரே குத்தில் ஊசியில் நூல் கோப்பவர் அவர். ஆனாலும் தாடையைப் பிடித்து அவள் நிமிர்த்தும் அந்த ஒரு நிமிஷம் அவள் அவளாகவே இருந்தாள். அதற்காகவே காட்டினார்.

யோசித்து யோசித்து, வீட்டை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார். கட்டியவளை அந்தச் சுவர்களுக்குப் பறிகொடுப்பதைவிட வீட்டை விடுவது மேல்.

"வேண்டாங்க" என்றாள். "இந்த வீடு இப்பத்தான் எனக்குப் பழகியிருக்கு."

"இருபத்திரண்டு வருஷமா இங்கதானே குப்பை கொட்டறோம்?"

அவள் சொட்டு மருந்தை எடுக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குக் கிளம்பினார்கள். செத்துப்போன அக்காவின் புருஷன்; ஒரு மணி நேர பஸ் பயணம். அவர் சொன்னால் கேட்பாள் என்று தையல்காரர் கணக்குப் போட்டிருந்தார்.

"வாங்க சகலை" என்று வரவேற்றார் அவர். "பேச்சுத் துணைக்கு இந்த நாற்காலிங்கதான். அதுங்களும் இப்பல்லாம் எனக்கு முகம் கொடுக்கறதில்லை."

சகலையைத் தனியே தள்ளிக்கொண்டுபோக வழி தேடுவதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அத்தான், அக்காவோட கைத்தடி இருக்கா?"

ஏன் என்று சகலை கேட்கவில்லை. பீரோவுக்குப் பின்னாலிருந்து வெள்ளைத் தடியை எடுத்தார், துணியால் துடைத்தார், தையல்காரரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகுதான் அவளிடம் நீட்டினார்.

"உயரம் பத்தாதேம்மா."

"பழகறதுக்குப் போதும் அத்தான்."

தையல்காரர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பிவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் வேறு யாருமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். இனிமேல் தாங்காது என்று தோன்றியது அவருக்கு.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உங்க அக்கா உன் கூடவே இருக்காளா?"

"அக்கா போய் ஒரு வருஷம் ஆச்சுங்க."

"அப்போ அவ நடை உனக்கு எப்படி வந்துச்சு? எதுக்கு எண்ணறே? எதுக்கு இந்தத் தடி?"

அவள் தடியை ஒருமுறை தடவினாள். "கண்ணு போகப்போகுதுன்னு தெரிஞ்சா, இருக்கும்போதே வீட்டைக் காலால கத்துக்கணும்னு அக்கா சொல்லுவா. வாசப்படியிலிருந்து சமையக்கட்டுக்குப் பதினாலு. கட்டில்லேருந்து குளியலறைக்கு ஒன்பது. எல்லாம் மனப்பாடம். வேற வீடுன்னா திரும்ப முதல்லேருந்து எண்ணணும்."

பேயுமில்லை, பிசாசுமில்லை. கண் டாக்டர் அன்று அவளை மட்டும் உள்ளே உட்காரவைத்துக் கால் மணி நேரம் பேசியது ஏன் என்று இப்போது விளங்கிற்று. தையல்காரருக்கு ஒரே சமயத்தில் நிம்மதியும் அழுகையும் வந்தன. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பைத்தியமே, இதையா இத்தனை நாள் மனசுல போட்டு வச்சிருந்தே? உன் கண்ணு போனா போகட்டும். எனக்குத்தான் ரெண்டு இருக்கே, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகமாட்டேனா?"

அவள் அந்தக் கையை விடவில்லை.

"சொல்லிக்கொடுக்கத்தாங்க நான் எண்ணிப் பழகினேன். கண்ணு போகப்போறது எனக்கு இல்லைங்க, உங்களுக்கு."