ஏழாம் படுக்கைக்கு ஒரு வாசிப்பு

"போதும், நிறுத்தும்மா! அவரைக் கொன்னுடாதே!"

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கிடார் வாசிக்க வந்த பெண்ணின் கையை மனைவி தட்டிவிட்டாள். ஏழாம் படுக்கையில் கணவர் கண்மூடிக் கிடந்தார். காலையிலிருந்தே அவர் மூச்சு ஆடி அசைந்துதான் வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

முந்தாநாள் எதிர்ப் படுக்கைப் பெரியவருக்கும் இதே பெண்தான் வாசித்தாள். பாட்டு மெதுவாகி, மெதுவாகி நின்றது. அவர் மூச்சும் கூடவே நின்றது. அன்றிலிருந்து கிடாரைப் பார்த்தாலே இவள் கணவரின் படுக்கையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படாதீங்கம்மா. மூச்சு என்ன வேகத்துல இருக்கோ, அதே வேகத்துல ஆரம்பிப்பேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பேன். மூச்சும் கூடவே இறங்கி வரும். அவ்வளவுதான்."

"இறங்கி இறங்கி எங்க போய் நிக்கும்? அதைச் சொல்லு முதல்ல!"

மருந்து பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பினாள். "ஐயாவுக்கு ஊசி போட்டப்பகூட நீங்க இப்படிக் கத்தலையேம்மா! ஒரு பத்து நிமிஷம் பொறுங்க. ஐயாவே நேத்து கேட்டு வாங்கினது இது."

அவரா கேட்டார்? நாற்பது வருஷமாக, ரேடியோவைப் போட்டாலே "என்ன இரைச்சல்" என்று அணைக்கிற மனுஷன்! மனைவி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கிடார், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி தடதடவென்று கிளம்பியது. அந்தப் பெண் படுக்கைப் பக்கமே திரும்பவில்லை. ஆளையே பார்க்காமல் இது என்ன வாசிப்போ!

வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. இறுகியிருந்த தன் பிடி எப்போது தளர்ந்தது என்று மனைவிக்கே தெரியவில்லை. கண் மட்டும் கணவரின் நெஞ்சை விட்டு நகரவில்லை. அது ஏறியது, இறங்கியது.

அப்புறம் ஏறவில்லை.

"ஏங்க... ஏங்க!" அலறி அவர் தோளை உலுக்கினாள். "ஐயோ, நான்தான் அப்பவே சொன்னேனே!"

நெஞ்சு மெல்ல ஏறியது. அவர் பாதிக் கண்ணைத் திறந்தார்.

"இப்பவே நிறுத்தச் சொல்லிடறேங்க. இது உங்களுக்கு வேணாம்."

அவர் அவள் விரலை லேசாக அழுத்தினார்.

"எனக்கில்லடி... உன் மூச்சுக்குத்தான் வாசிக்கச் சொன்னேன்."