பெட்ரோல் பங்கில் பதினோரு வண்டிகள்

மாலை நாலு மணி. அமெரிக்காவில், கான்சாஸ் சமவெளியின் பெட்ரோல் பங்க் ஒன்றில், தெற்குக் காற்று கோதுமை வயலைப் படுக்கவைத்து எழுப்பிக்கொண்டிருக்கிறது. ஆலங்கட்டி அடித்துக் கண்ணாடி விரிசல் விட்ட வண்டியில் சாய்ந்தபடி, லைல் கைபேசி நேரலைக்குள் இருக்கும் ரசிகப் பெருமக்களிடம் பேசுகிறான். டொர்னாடோ என்னும் சுழல்காற்றைத் துரத்திப் பார்க்கும் வேட்டைக்கு எடுத்த லீவு இன்றோடு முடிகிறது. இந்த வருஷம் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்தபாடில்லை. "மூணு மணி நேரம் வானத்தை அலசித்தான் இந்த எடத்தைப் பிடிச்சேன்," என்கிறான். ஸ்டியரிங்கில் இருக்கும் மனைவி டார்லா, "எனக்கு பாத்ரூம் வந்துச்சு, நிறுத்தினேன். இதுல என்ன அலசல்?" என்கிறாள். ஒவ்வொரு வேட்டைக்காரனின் வண்டியும் மற்றவர்களின் கைபேசி வரைபடத்தில் ஒரு புள்ளி. லைலின் புள்ளி நகராததைப் பார்த்துப் பதினோரு வண்டிகள் வந்து சேர்ந்துவிட்டன. இறங்கியவர்கள் அவன் பார்க்கும் திசையையே பார்க்கிறார்கள். அவனுக்கே இப்போது நம்பிக்கை வந்துவிடுகிறது. "இத்தனை பேர் சும்மாவா வருவாங்க? இங்கதான் எறங்கும்." "அவங்க உன்னைப் பாத்து வந்தாங்க, நீ அவங்களைப் பாத்து நிக்கிற. வடக்க ஒரு மேகம் கொழுத்துக்கிட்டு வருது, ஏறு." "இப்ப கிளம்பினா சிரிப்பாங்க, டார்லா." கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறான். வெயில் பொறுக்காமல், பத்தடி தள்ளி நிழலில் நிறுத்தலாமென்று டார்லா வண்டியைக் கிளப்புகிறாள். பதினோரு என்ஜின்களும் ஒன்றாக உறுமி, அவள் பின்னால் நிழலுக்கு வருகின்றன. வடக்கே மேகத்தின் அடியிலிருந்து ஒரு மெல்லிய வால் இறங்கி, பார்க்க ஆளில்லாமல், கோதுமையைத் தொடுகிறது.