இரண்டு நிமிடம் பத்து நொடி

"நீ ஆரம்பிச்சதுல ஒண்ணையாவது முடிச்சிருக்கியாடி?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். தங்கை பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரை அப்போது அவள் விரித்துப் பிடித்திருந்தாள். அதற்கு ஒரு கைதான் இருந்தது.

வருடங்கள் போயும் அந்தக் கேள்வி தங்கையின் காதைவிட்டு இறங்கவில்லை. இப்போது அதற்குத் துணையாக இன்னொன்று சேர்ந்திருந்தது. கீழ் வீட்டிலிருந்து கூரையைத் தட்டும் சத்தம். டொக், டொக், டொக்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை வேலை. குப்பிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டி, அவற்றை ஆட்டும் எந்திரத்தில் அடுக்கிவிட்டு இரண்டு மணிக்கு வீடு திரும்புவாள். அந்த எந்திரம் டக்... டக்... என்று நிதானமாக ஆடுவதைப் போனில் பதிவு செய்து, லேப்டாப்பில் ஏற்றி, அதன்மேல் கீபோர்டில் சுரங்களை அடுக்கி ஒரு பாட்டு செய்துகொண்டிருந்தாள். வார்த்தையில்லாத பாட்டு. லேப்டாப்பில் இதுபோல ஏற்கெனவே நாற்பத்தாறு இருந்தன. ஒன்றுக்கும் முடிவு கிடையாது.

இது நாற்பத்தேழாவது. இதையாவது முடித்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்வாள். இரண்டு நிமிடம் பத்து நொடிக்கு மேல் ஒன்றும் தோன்றாது. நிறுத்துவாள். எழுந்து ஜன்னல்வரை போவாள், நகத்தைக் கடிப்பாள். கீழேயிருந்து வரும், டொக், டொக், டொக்.

உடனே எல்லாவற்றையும் அணைத்துவிடுவாள். அன்றைய பாட்டு அவ்வளவுதான்.

கீழ் வீட்டுக்காரர் லாரி டிரைவர். விபத்தில் இடுப்பிலும் காலிலும் அடிபட்டு, மூன்று வாரத்துக்கு முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். வந்த மறுநாளே தட்டல் ஆரம்பித்துவிட்டது.

"பாவம், வலியில கிடக்கிற மனுஷன். அவர் தலைக்கு மேல நீ வேற டிங்கு டிங்குன்னா?" என்றான் கணவன்.

"சத்தத்தைக் குறைச்சுத்தாங்க வெச்சிருக்கேன்."

"ஹெட்போனை மாட்டிக்கோ. விஷயம் முடிஞ்சுது."

மாட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வெளியே போகவில்லை. இரண்டரை மணிக்கு, டொக், டொக், டொக். செவ்வாய்க்கிழமை இன்னும் பலமாக. புதன்கிழமை தட்டிய தட்டில் மேசைமேல் இருந்த ஸ்பூன் டம்ளருக்குள் கிணுகிணுத்தது.

"சத்தமே போடலைங்க! அப்பவும் தட்டுறாரு!"

"நீ மூச்சு விடுறதே அவருக்கு ஆகலை போல" என்று அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை வேலையிலிருந்து வந்தவள் நாற்காலியில் உட்காரவே இல்லை. கீபோர்டை உறைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தாள். ஸ்பீக்கர்களை அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டினாள். லேப்டாப்பில் நாற்பத்தேழு பாட்டுகளையும் மொத்தமாகக் குறித்து, அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று அது கேட்டது. விரல் அந்தரத்தில் நின்றபோது, டொக், டொக், டொக்.

லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு விடுவிடுவென்று படியிறங்கினாள். பேச வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கீழ் வீட்டுக் கதவு திறந்ததும் பாதி மறந்துபோனது.

டிரைவர் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறு கையில் ஊன்றுகோல். அவருக்குப் பின்னால் ஹாலில் நாற்காலி, மேசை எல்லாவற்றையும் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். நடுவில் வெறும் தரை.

"அண்ணே, இனிமே நீங்க கூரையத் தட்ட வேண்டாம். எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டேன். பாட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நிம்மதியாப் படுங்க."

அவர் முகம் தொங்கிப்போனது. "ஐயையோ! அப்ப நான் எப்படி நடக்கிறது?"

"நடக்கிறதா?"

"ஒரு தாளத்துக்கு அடி வெச்சுப் பழகுங்கன்னு, பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு சொல்லிச்சு. டிவி பாட்டெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஓட்டமா ஓடுது, கால் பின்னிக்குது. உன் பாட்டுதான் என் காலுக்குத் தோதா நிதானமாப் போகுது. தினம் இந்த ஹாலை நாலு சுத்து சுத்தணும் தங்கச்சி. நீ ரெண்டாவது சுத்துலயே நிறுத்திடுற. நான் நடு ஹால்ல கொக்கு மாதிரி நிக்கிறேன்."

"அப்ப நீங்க தட்டினது..."

"போடு போடுன்னுதான். பாட்டு ஓடுறப்ப நான் என்னைக்காவது தட்டியிருக்கேனா, நீயே சொல்லு. இந்த வாரம் பாட்டே காணோம். மாடியேறி வந்து கேக்கவும் முடியலை."

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒருநாளும் தட்டியதில்லை.

டிரைவர் ஊன்றுகோலைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"மீதி ரெண்டு சுத்துக்கும் பாட்டு எப்ப வரும்?"

'அழிக்கவா?' என்று கேட்டபடி மேலே ஒன்று காத்திருப்பது அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. திரும்பி, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.