ஐந்து மணிக்கு நீச்சல்

தொழிற்சாலைக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. குமுதா தன் வேலைகளையெல்லாம் கையடக்க டிஜிட்டல் டைரியில் பதிந்து வைத்திருந்தாள். ஐந்து மணிக்கு அது ஒலித்தது.

"அக்கா, இன்னைக்கு ஓவர்டைம் பாருங்களேன்," என்றான் சூப்பர்வைசர் கோகிலன்.

"முடியாது தம்பி. நீச்சல் கிளாஸ் இருக்கு."

"பிள்ளைய ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்க லா."

"ஒரு நாள் விட்டாலும் பயம் திரும்பிடும்," என்று கிளம்பிவிட்டாள்.

வீட்டிலிருந்து மகள் காமினியையும் அழைத்துக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போனாள்.

போன வருஷம் கடலில் காமினி தத்தளித்தபோது, குமுதாவால் கரையில் நின்று கத்தத்தான் முடிந்தது. முன்பின் தெரியாத ஒருவர்தான் பிள்ளையைத் தூக்கி வந்தார்.

காமினி துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். "மூச்ச நல்லா இழுத்துக்குங்கம்மா."

குமுதா தண்ணீருக்குள் இறங்கி, கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டாள்.